கோணல் சவாரி

பராக்கு என்பது அந்தக் குதிரையின் பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் கண்ணுள்ள ஆள். லாயத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டைக் குதிரை பராக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை செய்ததில்லை. யாராவது வாளியை நகர்த்தினால் வாளியைப் பார்க்கும். கொடியில் துணி ஆடினால் துணியைப் பார்க்கும். ஒன்றுமே ஆடவில்லையென்றால் ஏன் ஆடவில்லை என்று பார்க்கும். முதுகில் ஒரு மனிதர் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவது மட்டும் அதன் காதில் ஏறவே ஏறாது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பார்த்தவர்கள் வாயைப் பிளக்கும் அழகு. அந்த அழகில் மயங்கித்தான் அண்ணனும் வாங்கினார். வாங்கிய பிறகு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தார்.

அண்ணன் என்றால் சின்னவளின் அண்ணன். அந்தச் சவாரிப் பள்ளியில் மற்ற எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அப்பா தொடங்கிய பள்ளி, அப்பாவுக்குப் பின் அவர் கைக்கு வந்தது. நிமிர்ந்த முதுகுக்காரர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாய மாட்டார், யாரோ பின்னால் நின்று மார்க் போடுவதுபோலத்தான் உட்காருவார். சின்னவள் அவருக்கு ஒரே தங்கை. நாற்பது தாண்டி, காதோரம் நரைத்து, மாணவர்களுக்கு டீச்சர் ஆன பிறகும் வீட்டிலும் லாயத்திலும் அவள் சின்னவள்தான். சில குடும்பங்களில் இது ஆயுள் தண்டனை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குதிரை அவளைக் கீழே தள்ளி, அவள் மேலேயே விழுந்தது. இடது இடுப்பு நொறுங்கிப்போனது. டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள், ஆனால் அது கோணலாக ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். இனிமேல் குதிரை ஏறாமல் இருப்பது நல்லது என்றார்கள் டாக்டர்கள். அந்தப் பேச்சை அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ் அறையில் போன் எடுக்கவும் ரசீது போடவும் ஆள் வேண்டும் என்றார். அண்ணி அந்த நாற்காலிக்கென்று ஒரு மெத்தை வாங்கிப் போட்டாள். பாவம், நல்ல மனதோடுதான் போட்டாள்.

சின்னவள் அந்த மெத்தையை ஒரு நாள்கூடச் சூடாக்கவில்லை.

"எனக்கு ஒரு குதிரை குடு. யாருக்கும் அடங்காததாப் பாத்துக் குடு. நான் பழக்கிக் காட்டுறேன்," என்று அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"முடியலன்னா?"

"ஆபீஸ்ல போய் உக்கார்றேன். அப்புறம் மைதானத்துப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்."

தங்கையின் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடைக்காது என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "பராக்கை எடுத்துக்க. அது தேறலன்னா வண்டி இழுக்க அனுப்பிடுவேன். நீ ஆபீசுக்கு. பேச்சு மாறக் கூடாது."

"நீ மாறாம இரு, போதும்," என்றாள் சின்னவள்.

ஆரம்பத்தில் அவள் சேணத்தைத் தொடவே இல்லை. வட்டமாக அடைத்த வேலிக்குள் பராக்கை அவிழ்த்துவிட்டு நடுவில் போய் நிற்பாள். பராக்கு வானத்தைப் பார்க்கும், வேலியைப் பார்க்கும், தூரத்தில் யாராவது இருமினால் அவரைப் பார்க்கும். சின்னவள் கூப்பிட மாட்டாள், சாட்டையைச் சொடுக்க மாட்டாள். அதன் பின்னங்காலை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்பாள், குதிரை நகரும். நகரும்போது ஒரு காது, ஒரே ஒரு காது, அவள் பக்கம் திரும்பிவிட்டால் போதும். உடனே தோளைத் தளர்த்திப் பின்வாங்கிவிடுவாள். வித்தை என்று சொன்னால் இவ்வளவுதான். கொஞ்சமாகக் கேட்க வேண்டும், கேட்டது கிடைத்ததும் விட்டுவிட வேண்டும். அப்படி விட்டுவிடுவது குதிரைக்குத் தீனியைவிடப் பிடிக்கும். மனிதர்களிடமும் செய்து பார்க்கலாம், யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஒரு காது வந்தது. பிறகு இரண்டும் வந்தன. அவள் நடந்தால் பின்னாலேயே வரவும், அவள் நின்றால் நிற்கவும் ஆரம்பித்தது. முதுகில் ஏறிய பிறகும் அதே பாடம்தான். நட, நில், மறுபடி நட. கடிவாள வாரை இழுக்காமல் மூச்சை முழுதாக விட்டால் நிற்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கனத்தைச் சற்று மாற்றினால் திரும்ப வேண்டும். மழை ஓய்ந்து வெயில் காலம் வருவதற்குள், அவள் திரும்ப வேண்டும் என்று நினைக்கும்போதே பராக்கு திரும்பியது.

ஒரு நாள் வேலிக்கு அப்பால் ரோட்டில் லாரி டயர் ஒன்று வெடித்தது. மைதானத்தில் இருந்த குதிரைகள் எல்லாம் துள்ளிக் குதித்தன. பராக்கு துள்ளவில்லை. ஒரு காதைப் பின்னால் திருப்பி, இப்போது என்ன செய்யலாம் என்று அவளிடம் கேட்டது. சின்னவள் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். இடுப்பு உடைந்தபோதுகூட அப்படி அழுததில்லை. விழுந்த நாளிலிருந்து அவளால் எதெல்லாம் முடியாது என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டது இந்த ஒரு ஜீவன்தான்.

அந்தப் பள்ளியில் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. கைமாற்றம் என்பார்கள். ஒரு குதிரையைப் பழக்கி முடித்ததும் பழக்கியவர் வேலிக்கு வெளியே போய் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. உள்ளே வேறொருவர் ஏறி ஓட்டுவார். அவர் சொல்வதையும் குதிரை கேட்டால்தான் அது தேறிய குதிரை. நியாயமான வழக்கம்தான், பள்ளிக் குதிரைமேல் நாளைக்கு யார் வேண்டுமானாலும் ஏறுவார்கள். பராக்கின் கைமாற்றத்துக்கு அண்ணனே ஏறினார்.

ஏறிய உடனேயே பராக்கு இடது பக்கம் ஒதுங்கியது. அண்ணன் வலது வாரை மெல்ல இழுத்தார். கழுத்து மட்டும் வலது பக்கம் வளைந்தது, உடம்பு இடது பக்கமே போனது. அவர் நன்றாக நிமிர்ந்து, நடுவாக உட்கார்ந்து, மறுபடி நேராகப் போகச் சொன்னார். அது இன்னும் வேகமாக ஒதுங்கியது. குதிகாலால் ஓர் இடி கொடுத்தார். பராக்கு அவர் முழங்காலை வேலியில் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. பிறகு, இந்த வீட்டில் நமக்கென்ன வேலை என்பதுபோல, தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. மாணவர்களில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணன் இறங்கி வந்தார். "நல்லா பழக்கியிருக்கே. நண்டு வேணும்னா நான் கடலோரம் போயிருப்பேனே, லாயம் எதுக்கு?"

"என்கிட்ட நேரா போறாளே! நீயே கண்ணால பாத்திருக்கியே!"

"உன்கிட்ட போகுது. உன் ஒருத்திகிட்ட மட்டும் போறதை வச்சு நான் என்ன பண்ண? ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறுறேன். முறுக்குக் கம்பியை வாயில மாட்டித்தான் ஏறுவேன். அப்பவும் வழிக்கு வரலன்னா வண்டிதான்."

சாதாரணமாகக் குதிரை வாயில் மாட்டும் இரும்பு வழவழப்பாக இருக்கும். முறுக்குக் கம்பி கயிறுபோலத் திருகிய கம்பி. இழுத்தால் நாக்கை அறுக்கும். அறுத்தால் எந்தக் குதிரையும் வழிக்கு வரும், அதற்குப் பெயர் பழக்குவது என்று அண்ணன் சொல்வார். சின்னவள் அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவள் கணவருக்குச் சேணம் தைக்கும் வேலை. அடுத்த தெருவில் தோலும் மெழுகும் மணக்கும் ஒற்றை அறைதான் பட்டறை. அவர் அதிகம் பேசாதவர், அவருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். அன்றைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அண்ணனை, கம்பியை, சிரித்தவர்களை, கடைசியில் மனம் பொறுக்காமல் பராக்கையும். அவர் அவளுடைய சேணத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத் தையலைப் பிரித்து, கம்பளி மயிரைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"எப்பப் பாத்தாலும் என் சேணத்தையே பிரிக்கிறீங்களே, அதுல அப்படி என்னதான் இருக்கு?"

"வலது பக்கம் அமுங்கிப்போயிடுது," என்றார் அவர்.

"ஏன் அமுங்குது?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "நீ வலது பக்கமாத்தானே உக்கார்றே. இடது இடுப்பு கீழ இறங்க மாட்டேங்குது உனக்கு. விழுந்ததுலேருந்தே அப்படித்தான்."

"நான் நேராத்தான் உக்கார்றேன்!"

அவர் வாதாடவில்லை. அவள் கையைப் பிடித்துச் சேணத்தின் இரண்டு பக்கமும் தடவிக் காட்டினார். இடது பக்கம் புதுத் தலையணைபோல உப்பியிருந்தது. வலது பக்கம் பலகை.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா கடிச்சுக் குதறுவே. நீ மறுபடி ஏறினதே எனக்குப் பெரிசா இருந்துச்சு. அமுங்க அமுங்கத் திணிச்சுக் குடுத்தா ஆச்சுன்னு விட்டுட்டேன்."

அவள் தானே இரண்டு பக்கத்தையும் மறுபடி தடவிப் பார்த்தாள். பராக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. முதுகின் வலது பக்கம் கனத்தால் நேராகப் போக வேண்டும் என்றுதான் அவள் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வலது கனம் குறைந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், தனக்கே தெரியாமல். அண்ணன் நடுவாக உட்கார்ந்ததும் வலது கனம் குறைந்தது. குதிரை சொன்னதைச் செய்தது. செய்ததற்கு இடி வாங்கியது. இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தபோது இன்னும் ஒழுங்காகச் செய்தது, அதற்குக் கம்பி கிடைக்கப் போகிறது.

"தப்பு என்னோடது," என்றாள்.

"கோணல்தான் உன்னோடது. தப்புன்னு யார் சொன்னா?" என்றார் அவர். சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். அவர் ஒரு வாரத்துக்குப் பேச வேண்டியதை அன்று பேசி முடித்துவிட்டார்.

ஆனாலும் அவள் விடவில்லை. தன்னையே நேராக்கிவிடலாம் என்று பார்த்தாள். வலது பக்கம் கெட்டியாகக் கம்பளம் வைத்துத் தைத்து வாங்கி, ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு இடது இடுப்பைக் கீழே அழுத்தினாள். வலியில் உயிர் போனது. வலி ஒருபுறம் இருக்கட்டும், பராக்கு குழம்பிப்போனது. நிற்பதா, நடப்பதா, எந்தப் பக்கம் என்று தெரியாமல் தத்தளித்தது. கொஞ்ச நேரம் இரண்டு காதையும் அவள் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தது. பதில் புரியவில்லை. பிறகு ஒரு காது கழன்று வேலிப் பக்கம் போனது. மற்றது கொடியில் ஆடும் துணிப் பக்கம் போனது. சின்னவள் உடனே இறங்கிவிட்டாள். தன்னை நேராக்குகிறேன் என்று குதிரையை மறுபடி பழைய பராக்காக்க அவளுக்கு மனம் வரவில்லை.

குதிரையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பும்போது அண்ணன் புது மாணவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சாதுவான கிழட்டுக் குதிரை ஒன்றின்மேல் உட்கார்ந்து முதலில் சரியாக உட்காருவது எப்படி என்று காட்டினார். அப்புறம், "தப்பா உக்காந்தா எப்படி இருக்கும் தெரியுமா? பாருங்க," என்று வலது பக்கம் சரிந்து, இடது முழங்காலை மேலே ஏற்றி, இடது தோளை முன்னால் தள்ளி உட்கார்ந்தார். தலையைக்கூட அவள் சாய்ப்பதுபோலவே சாய்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் சின்னவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரிப்பை விழுங்கினாள். மாதக்கணக்காக அவர் நடத்தும் பாடம் இது. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கிண்டலுக்காக மிகைப்படுத்துகிறார் என்றுதான் கணவர் சேணத்தைத் தடவிக் காட்டும்வரை நினைத்திருந்தாள்.

"பாடத்துக்காகத்தான். மனசுல வச்சுக்காதே," என்றார் அண்ணன், சேணத்திலிருந்தபடியே.

அவள் பராக்கைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் அன்றே பெரிய சண்டையாகியிருக்கும், சண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலியைச் சுற்றிக் கூட்டம். மாணவர்கள், அவர்களைக் கொண்டுவிட வந்த பெற்றோர், அண்ணி, ஓரமாகக் கணவர். சின்னவள் வழக்கப்படி வேலிக்கு வெளியே நின்றாள். அண்ணன் உள்ளே பராக்கின் கடிவாளத்தை அவிழ்த்து, முறுக்குக் கம்பி கோத்த கடிவாளத்தை எடுத்தார். கட்டைவிரலை வாயோரம் விட்டு வாயைத் திறந்தார். பராக்கு எதிர்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும் என்று அவள்தானே பழக்கியிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு மேலே பொறுக்க முடியவில்லை. வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மணலில் இடது கால் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் கையிலிருந்து கடிவாளத்தைப் பிடுங்கி, கம்பியோடு வேலிக்கு வெளியே வீசினாள்.

"ஏய்! கைமாற்றத்துல நீ உள்ள வரக் கூடாது!"

"வந்துட்டேன்."

"வாயும் திறக்கக் கூடாது!"

"திறந்துட்டேன். இனிமே மூடுறதா இல்ல. பழைய கடிவாளத்தைப் போட்டு ஏறு. இன்னைக்கு அவ நேராப் போவா. ஆனா நான் சொல்ற மாதிரி உக்காரணும்."

"எப்படி உக்காரணுமாம்?"

"வகுப்புல காட்டுவியே, தப்பா உக்கார்றது எப்படின்னு. அப்படி உக்காரு."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன யோசிக்கிறே? எத்தனை பேர் முன்னால பண்ணியிருக்கே, இவங்க முன்னால பண்ண மாட்டியா? என்னை மாதிரி உக்காரு. அப்பவும் அவ ஒதுங்கினா வண்டிக்காரனுக்கு நானே போன் போடுறேன். அந்த மெத்தையில நானே போய் உக்கார்றேன்."

அண்ணனுக்கும் வீம்பு உண்டே, ஒரே வீட்டு ரத்தம்தான். இதோடு கதை முடியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பழைய கடிவாளத்தை மாட்டி விறுக்கென்று ஏறினார். ஏறியதும் வழக்கம்போல நிமிர்ந்தார். பராக்கு இடது பக்கம் ஓர் அடி வைத்தது. "சாய்!" என்றாள் சின்னவள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் சரிந்தார். இடது முழங்காலை ஏற்றினார். தோளை முன்னால் தள்ளினார். தலையையும் சாய்த்தார், அது தானாகவே வந்தது.

பராக்கின் இரண்டு காதும் பின்னால் திரும்பி அவரிடம் நின்றன.

அது நடந்தது. நூல் பிடித்த மாதிரி மைதானத்தின் நடுவே, இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரைக்கும் நேராக நடந்தது. அங்கே அவர் வலது பக்கக் கனத்தைக் கொஞ்சம் குறைத்தார், அது இடது பக்கம் அழகாகத் திரும்பியது. மறுபடி சாய்ந்தார், நேராக வந்தது. அவர் வாரைத் தொடவே இல்லை. வாழ்நாளெல்லாம் குதிரைமேல் இருந்த மனிதர், இப்படியொரு குதிரை அவருக்குக் கிடைத்ததில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. நம்ப முடியாமல் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பராக்கு அங்கேயே நின்றுவிட்டது, அவர் குப்புற விழாமல் அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னார், "இது செல்லாது. நீ பேசிட்டே. அதோட நாளைக்கு ஏறுறவங்க எல்லாம் இப்படிச் சாஞ்சு உக்காருவாங்களா?"

"செல்லாட்டிப் போகட்டும்," என்றாள் சின்னவள். "நேரா உக்கார்றவங்க பேச்சும் அவளுக்குப் புரியணும், அது சரிதான். என் ஒரு பாஷையைக் கத்துக்கிட்டவ இன்னொண்ணு கத்துக்க மாட்டாளா? நீ மேல உக்காரு, நான் கீழ நின்னு சொல்லித் தர்றேன். அவளுக்கும் உனக்கும் சேத்துத்தான். ஆனா அந்தக் கம்பி இனிமே எந்தக் குதிரை வாய்க்கும் போகாது. நான் ஆபீசுக்குப் போக மாட்டேன். இனிமே வகுப்புல என்னை மாதிரி உக்காந்து காட்டினா, பராக்கை ஓட்டுறது இப்படித்தான்னு சொல்லு. தப்புன்னு சொன்னே, அங்கேயே வந்து உன்னை இறக்கிவிடுவேன்."

"இந்த லாயத்துக்கு மாஸ்டர் யாருன்னு மறந்துட்டியா?"

"நீதான். யாரு இல்லேன்னா? இப்ப இறங்கு."

அவர் இறங்கவில்லை. வேலியோரமிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஏங்க, இறங்குங்க. அவ ஏறட்டும்." அந்த வீட்டில் அண்ணி குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அண்ணன் திரும்பிப் பார்த்தார், அப்புறம் இறங்கினார். வாரைத் தங்கையின் கையில் கொடுக்காமல் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

இதற்கப்புறம்தான் சின்னவளுக்கு ஒன்று உறைத்தது. இடுப்பு உடைந்த பிறகு அவள் குதிரை ஏறுவதை யாரும் பார்த்ததில்லை. லாயத்தின் பின்பக்கம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெட்டிமேல் நின்று ஏறுவாள். வயிற்றைச் சேணத்தில் போட்டு, மூட்டைபோலத் தொங்கி, இடது காலைக் கையால் தூக்கிப் போட வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. இங்கே பெட்டியும் இல்லை, கூட்டம் மட்டும் இருந்தது.

கணவர் வேலியைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தார். அவள் ஒரு முறை முறைத்தாள், அவர் அப்படியே நின்றுவிட்டார்.

பராக்கின் வலது பக்கமாகப் போய், நல்ல காலை அங்கவடியில் வைத்து எம்பினாள். பாதியில் வழுக்கிக் கீழே வந்தாள். முழங்கையில் மணல் ஒட்டிக்கொண்டது. யாரோ ஐயோ என்றார்கள். பராக்கு அசையவில்லை. அவள் மறுபடி எம்பினாள். வயிறு சேணத்தில் விழுந்தது, சட்டை மேலே ஏறியது, ஒரு நொடி தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தொங்கினாள். மாணவர்கள் பார்த்தார்கள், பெற்றோர் பார்த்தார்கள், அண்ணன் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று அவள் அவசரப்படாமல் இடது காலைப் பேன்ட்டோடு சேர்த்துப் பிடித்து, அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். நிமிர்ந்து, தன் கோணலில் உட்கார்ந்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வழி விடு," என்றாள் அண்ணனிடம்.